மறுபடி எழுதுவதும் ஓராண்டைக் கொடுப்பதும்: கேட் தேர்வின் இரண்டாம் முயற்சி குறித்து

1. கேள்வி

எம்.டெக். சேர்க்கைக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் எழுதப்படும் கேட் தேர்வின் முடிவு ஆண்டுதோறும் மார்ச் நடுவில் வெளியாகும். அதன்பின் பத்துப் பதினைந்து நாட்களுக்குப் பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் அறை வாசலில் இறுதியாண்டு மாணவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதலாமா?"

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறேன். ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் அந்த மாணவரைப் பற்றிய எங்கள் அபிப்பிராயத்திலிருந்து பிறக்கிறது. நன்றாகப் படிக்கிறவர் என்றால் "தைரியமா எழுது" என்கிறோம். சுமாராகப் படிக்கிறவர் என்றால் "கிடைச்ச வேலையில சேரு" என்கிறோம். தேர்வு எப்படி அளக்கிறது, மறுபடி எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக என்ன நடக்கிறது, ஓராண்டு என்பது அந்தக் குடும்பத்துக்கு என்ன விலை என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. வாழ்க்கையின் ஓராண்டைத் தீர்மானிக்கிற ஒரு பேச்சு ஐந்து நிமிடத்தில், நின்றபடியே முடிந்துவிடுகிறது.

இக்கட்டுரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் முயற்சி. மாணவர் கேட்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தேர்வை மறுபடி எழுதுவதா என்பது ஒன்று. அதற்காக வேலை, படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓராண்டை ஒதுக்குவதா, அதாவது மாணவர்கள் சொல்கிறபடி 'டிராப்' எடுப்பதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் பிள்ளைகள் ஆண்டுகளை இழக்கிறார்கள் என்பது என் வாதம்.

2. விதிகள் எதை அனுமதிக்கின்றன

கேட் தேர்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் ஏழு பழைய ஐ.ஐ.டி.களும் முறைவைத்து நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரியின் முதல் பாதியில் நடக்கும். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. வயது வரம்பும் இல்லை. முடிவு வெளியான நாளிலிருந்து ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

மறுபடி எழுதுகிறவருக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியமானது. அடுத்த ஆண்டு எழுதிக் குறைந்த ஸ்கோர் வந்தாலும் பழையது அழிவதில்லை. எம்.டெக். சேர்க்கைக்கு இரண்டில் எது நல்லதோ அதைக் காட்டலாம். ஆகவே மறுபடி எழுதுவதால் ஏற்கெனவே கையில் இருப்பது போய்விடாது. விண்ணப்பக் கட்டணமும், பொதுப்பிரிவினருக்கு 2025 தேர்வில் 1,800 ரூபாய், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 900 ரூபாய் என்ற அளவில்தான் இருந்தது. பழைய ஸ்கோர் கையில் இருக்கும் என்பதற்கு ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். கேட் வழியாக ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பல, குறிப்பிட்ட ஓர் ஆண்டின் ஸ்கோரை மட்டுமே கேட்கின்றன. அங்கே பழைய ஸ்கோருக்கு மதிப்பில்லை; வயது வரம்பும் உண்டு. பொதுத்துறை வேலைக்காக எழுதுகிறவரும் எம்.டெக். படிப்புக்காக எழுதுகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதினாலும் அவர்களுடைய கணக்குகள் வேறுவேறு.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஜி.ஆர்.இ.யை 21 நாள் இடைவெளியில், பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து முறை எழுதலாம். ஸ்கோர் ஐந்தாண்டு செல்லும். எந்த முயற்சியின் ஸ்கோரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதையும் எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். அங்கே மறுமுயற்சிக்கு ஆவது பணம். அந்தப் பணம் சிறியதுமல்ல. கேட் தேர்வில் பணச்செலவு குறைவு. ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஜி.ஆர்.இ. எழுதியவர்கள் சொல்லும் அறிவுரையை கேட் எழுதுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

2021 முதல் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் கேட் எழுத அனுமதிக்கப்படுகிறார்கள். இதன் முழுப் பொருளை நம் கல்லூரிகள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு முறை, நான்காம் ஆண்டில் ஒரு முறை என்று எழுதினால் இரண்டாம் முயற்சி கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடும். ஓராண்டையும் இழக்க வேண்டியதில்லை.

3. ஸ்கோர் எதை அளக்கிறது

மாணவர்கள் 100-க்கு எடுப்பதை மதிப்பெண் என்றும், 1000-க்குக் கணக்கிட்டுத் தருவதை ஸ்கோர் என்றும் சொல்கிறார்கள். ஒன்று மற்றொன்றாக மாறும் விதம் எளிமையானது. பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண்ணுக்கு ஸ்கோர் 350. அந்தத் தாளை எழுதியவர்களில் முதல் 0.1 விழுக்காட்டினர் அல்லது முதல் பத்துப் பேர், இவற்றில் எது பெரிய எண்ணிக்கையோ அவர்களுடைய சராசரிக்கு ஸ்கோர் 900. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. தகுதி மதிப்பெண் என்பது 25, அல்லது அந்தத் தாளின் சராசரியோடு திட்ட விலக்கத்தைக் கூட்டி வருவது. இவற்றில் எது அதிகமோ அது.

விளக்கத்துக்காக ஒரு தாளில் தகுதி மதிப்பெண் 27 என்றும், உச்சியில் இருப்பவர்களின் சராசரி 80 என்றும் வைத்துக்கொள்வோம். 53 மதிப்பெண் இடைவெளியில் 550 புள்ளிகள். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 10.4 புள்ளிகள். 44 எடுத்தவரின் ஸ்கோர் 526. உச்சியின் சராசரி 70-க்கு இறங்கிவிடும் கடினமான ஆண்டில் ஒரு மதிப்பெண்ணுக்கு 12.8 புள்ளிகள் கிடைக்கும். ஆகவே ஸ்கோர் என்பது அந்த ஆண்டு எழுதிய கூட்டத்துக்குள் ஒருவர் நிற்கும் இடம். போன ஆண்டைவிடக் கூடுதலாகப் படித்தேன் என்பது மட்டும் ஸ்கோரை உயர்த்தாது. கூட்டம் நகர்ந்ததைவிட நாம் அதிகம் நகர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது அதிர்ஷ்டம். இதைப் பற்றிப் பேசவே ஆசிரியர்கள் தயங்குகிறோம். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு மதிப்பெண் கேள்வியில் சரியானால் 2. தவறானால் மூன்றில் இரண்டு பங்கு கழியும். ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாகக் குறித்தால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தேர்வை அமைத்தவர்கள் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதுவது நீண்ட ஓட்டமல்ல, ஒரு காலைப் பொழுது. அத்தகைய பத்துக் கேள்விகளை ஊகித்துக் குறித்தால் விளைவின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 3.65 மதிப்பெண். மேலே சொன்ன கணக்கில் அது 38 புள்ளி. அதே அறிவோடு, அதே பத்து ஊகங்களோடு ஒருவர் இரண்டு முறை எழுதினால் இரண்டு ஸ்கோருக்கும் நடுவே 50 புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம். அதைக் கண்டு உயர்ந்துவிட்டோம் என்று மகிழவோ, இறங்கிவிட்டோம் என்று உடைந்துபோகவோ காரணமில்லை.

நூலிழையில் இடத்தைத் தவறவிட்ட மாணவருக்கு இது ஆறுதலான செய்தி. மறுபடி எழுத அதுவே போதுமான காரணம். ஆனால் ஓராண்டை ஒதுக்க அது காரணமாகாது. அதிர்ஷ்டத்தை மறுபடி சோதித்துப் பார்க்கத் தேவைப்படுவது மூன்று மணி நேரம்தான்.

4. மறுமுயற்சி குறித்து ஆய்வுகள்

மறுபடி எழுதினால் மதிப்பெண் கூடுமா என்பதை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் தனித்தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் ஹாஸ்க்நெக்ட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. 50 ஆய்வுகள், 1,34,436 பேர். அறிவுத்திறன் தேர்வுகளை இரண்டாம் முறை எழுதுகிறவர்கள் சராசரியாக 0.26 திட்ட விலக்கம் உயர்கிறார்கள். பயிற்சி வகுப்பு சேர்ந்தால் உயர்வு கூடுகிறது. இதே அளவை கேட் தேர்வுக்குப் பொருத்தி, திட்ட விலக்கம் பத்து மதிப்பெண் என்று வைத்தால் உயர்வு 2.6 மதிப்பெண், ஸ்கோரில் 27 புள்ளி. முன்பே ஒரு முறை அந்த அறைக்குள் போய்வந்த பழக்கம் தரும் பலன் ஏறத்தாழ இவ்வளவுதான். இதற்கு மேல் ஒருவர் எதிர்பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் புதிதாகக் கற்றதிலிருந்து வர வேண்டும்.

கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் வேறொரு படத்தைத் தருகின்றன. 'முதல் முயற்சியில் நான்காயிரம், இரண்டாம் முயற்சியில் நாற்பது' என்று தரவரிசையைச் சொல்லும் முகங்கள் பேருந்து நிறுத்தங்களில் சிரிக்கின்றன. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. நான்காயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போனவரின் படம் அங்கே இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இதில் மறைவான சிக்கல் ஒன்றும் உண்டு. மறுபடி எழுத வருகிறவர்களில் முதல் முறை அதிர்ஷ்டம் கைவிட்டவர்களே அதிகம். அதிர்ஷ்டம் கைகொடுத்தவர்கள் சேர்ந்துவிட்டிருப்பார்கள். கைவிட்டவர்கள் அடுத்த முறை எழுதும்போது, ஒன்றும் படிக்காவிட்டாலும் சராசரியாகச் சற்று மேலே வருவார்கள். புள்ளியியலில் சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதைச் சொல்வார்கள். இந்த உயர்வின் பெருமையையும் பயிற்சி மையமே எடுத்துக்கொள்கிறது.

பொருளியலாளர்கள் யார் மறுபடி எழுதுகிறார்கள் என்று கேட்டார்கள். ஜேக்கப் விக்டரும் சார்ல்ஸ் க்ளாட்ஃபெல்டரும் 2003-இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வை ஆராய்ந்து, பல முயற்சிகளில் உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம், மறுபடி எழுதும் செலவைத் தாங்கக்கூடியவர்களுக்குச் சாதகமாகிறது என்று காட்டினார்கள். ஜோஷுவா குட்மேன், ஓடட் குரன்ட்ஸ், ஜோனத்தன் ஸ்மித் மூவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் மறுபடி எழுதுவது குறைவு. ஆனால் எழுதினால் அவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது.

அமெரிக்க அனுபவம் நமக்குத் தொலைவானது. துருக்கி நெருக்கமானது. அங்கும் ஆண்டுக்கு ஒரு தேர்வு, நாடு முழுவதற்கும் ஒரு வரிசை, ஆண்டுக்கணக்காக மறுபடி மறுபடி எழுதும் இளைஞர்கள். வெரோனிகா ஃப்ரிசாஞ்சோ, கலா கிருஷ்ணா உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி எழுதுகிறவர்கள் உண்மையிலேயே கற்கிறார்கள் என்றும், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வருகிறவர்களிடம் அந்தக் கற்றல் அதிகம் என்றும் கண்டார்கள். கிராமத்துக் கல்லூரியில் நல்ல ஆசிரியர் கிடைக்காமல் விட்டுப்போன பாடத்தை, நேரம் கொடுத்தால் அந்த மாணவர் பிடித்துவிடுகிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 'மறுமுயற்சி வசதியானவர்களின் ஆடம்பரம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த ஆய்வுக்கு முகம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் கலா கிருஷ்ணாவும் செர்கேய் லிச்சாகினும் ஃப்ரிசாஞ்சோவும் இரண்டாண்டு கழித்து, 2018-இல், அதே துருக்கித் தரவிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். மறுபடி எழுதுகிறவர்கள் வரிசையில் நெரிசலை உண்டாக்கிக் கட் ஆஃபை எல்லோருக்கும் உயர்த்துகிறார்கள். மறுமுயற்சியைக் கட்டுப்படுத்தினால் தொடக்கத்தில் நின்று பார்க்கும்போது அனைவருக்கும் நன்மை என்பது அவர்களுடைய மதிப்பீடு. முதல் ஆய்வு தனி மாணவரைப் பார்க்கிறது. இரண்டாவது முழு வரிசையையும் பார்க்கிறது. என்னைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை. ஆனால் விதியை வகுப்பவர் வரிசையைப் பார்க்கலாம். ஆசிரியர் அறை வாசலில் நிற்கும் பெண்ணிடம் 'நீ எழுதினால் மற்றவர்களுக்குக் கட் ஆஃப் உயரும்' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவளிடம் சொல்ல வேண்டியது, அவளுடைய விடைகள் என்ன காட்டுகின்றன என்பதை.

5. இரண்டு ரெஸ்பான்ஸ் ஷீட்டுகள்

தேர்வு முடிந்து சில நாட்களில் ஒவ்வொருவரும் குறித்த விடைகள் ரெஸ்பான்ஸ் ஷீட்டாக இணையத்தில் வரும். விடைக் குறிப்பும் வரும். பெரும்பாலான மாணவர்கள் இரண்டையும் வைத்து மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மறுமுயற்சி பற்றிய முடிவுக்கு இதைவிட நல்ல சான்று எங்கும் இல்லை.

இயந்திரவியல் மாணவி ஒருத்தி 43 மதிப்பெண்ணோடு வந்திருந்தாள். அவளோடு உட்கார்ந்து 65 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு தண்டின் விட்டத்தைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் கணக்கு முழுவதும் சரி. விடையை மில்லிமீட்டரில் கேட்டிருந்தார்கள்; அவள் மீட்டரில் தட்டியிருந்தாள். இன்னொன்றில் திரையில் இருக்கும் மெய்நிகர் கால்குலேட்டரில் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. கேட் தேர்வில் கையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. மவுஸை வைத்துத் திரையில் ஒவ்வோர் எண்ணாக அழுத்த வேண்டும். வீட்டில் கேசியோவை வைத்துப் பழகியவர்களுக்கு அது வேறு கருவி. வேறு இரண்டு கேள்விகளில் குறி மாறி, தவறான விடையைக் குறித்திருந்தாள். எண்ணைத் தட்டும் கேள்விகளில் கழிவு கிடையாது. ஆகவே அங்கே இழப்பு நான்கு மதிப்பெண். விடை தேர்ந்தெடுக்கும் இரண்டிலும் வர வேண்டிய 2 போய், மேற்கொண்டு மூன்றில் இரண்டு கழிந்ததால், இழப்பு 5.33. ஆக நான்கே கேள்விகளில், தெரிந்திருந்தும் விட்டது 9.33 மதிப்பெண். மேலே சொன்ன கணக்கில் 97 புள்ளி.

பெரும்பாலான பொறியியல் தாள்களில் பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13 மதிப்பெண். இந்த 28-இல் அவள் எடுத்தது 11. பொதுத்திறனுக்கு ஒரு நாள்கூட ஒதுக்கியதில்லை என்று சொன்னாள். அவளுக்கு ஓராண்டு விடுப்பு தேவையில்லை என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. கேம்பஸில் கிடைத்த வேலையில் சேர்ந்தாள். சனி, ஞாயிறுகளில் மாக் டெஸ்ட் எழுதினாள். அடுத்த பிப்ரவரியில் தேர்வெழுதி ஒரு என்.ஐ.டி.யில் சேர்ந்தாள்.

இன்னொருவனுடைய ரெஸ்பான்ஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். அவளுக்கு மூன்றாண்டு முன்பு வந்தவன். வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறவன், ஒழுங்கானவன். மதிப்பெண் 31. "எழுதுப்பா, உன்னால முடியும்" என்று நின்றபடியே சொல்லி அனுப்பினேன். சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, மேன்ஷன் அறையில் தங்கி, பதினோரு மாதம் படித்தான். ஸ்கோர் ஏறக்குறைய நாற்பது புள்ளி உயர்ந்தது. வெறும் அதிர்ஷ்டத்தாலேயே வந்துவிடக்கூடிய வித்தியாசம் அது. இரண்டு ஷீட்டுகளையும் அப்போதுதான் பார்த்தேன். வெப்பப் பரிமாற்றமும் பாய்ம இயக்கவியலும் முழுதாக விடப்பட்டிருந்தன, இரண்டு ஆண்டிலும். அவனுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் முதலாண்டிலேயே விளங்காமல் போயிருந்தன. பயிற்சி மையம் அவற்றைத் தெரிந்தவருக்கு மேற்கொண்டு கற்றுக்கொடுத்தது. அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்க அதற்கு நேரமில்லை. நான் முதல் நாளே பார்த்திருந்தால், வேலையில் சேர்ந்துகொண்டு ஆறு மாதம் கணிதத்தை மட்டும் படி என்று சொல்லியிருப்பேன். இன்று அவன் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் நல்ல நிலையில் இருக்கிறான். அதே தொழிற்சாலை அவன் இறுதியாண்டு படிக்கும்போதே எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்திருந்தது.

இழந்த மதிப்பெண்கள் எந்த இனம் என்பதை இந்த வாசிப்பு பிரித்துக் காட்டுகிறது. தெரிந்தும் தவறியவை, நேரமின்றி விட்டவை, படிக்காமல் விட்டவை, படித்தும் விளங்காதவை. முதல் இரண்டுக்கும் மாக் டெஸ்டும் பழக்கமும் போதும். மூன்றாவதற்கு மாதங்கள் வேண்டும்; வேலையோடும் அதைச் செய்யலாம். நான்காவதற்கு ஆசிரியர் வேண்டும். நான்காவது வகைதான் அதிகம் என்றால், தனி அறையில் அதே புத்தகங்களோடு கழியும் ஓராண்டு அதே இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

6. ஓராண்டின் விலை

ஓராண்டுக்குச் செலவு என்ன என்று கேட்டால் பயிற்சிக் கட்டணம், அறை வாடகை, மெஸ் பில் என்று சொல்வார்கள். வராமல் போன சம்பளம் இதைவிடப் பெரியது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் கேட் வழியாகச் சேரும் எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. இந்த ஆண்டு கிடைக்கும் சற்று எளிய இடத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பவர் அந்தத் தொகையையும், படிப்பு முடிந்து வேலையில் சேரும் ஓராண்டையும் இழக்கிறார்.

கல்விக்கடன் வாங்கிப் படித்தவருக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் படிப்பை முடித்து ஓராண்டு டிராப் எடுக்கும் மாணவருக்கு, அடுத்த கவுன்சிலிங் நடக்கும் கோடையில் முதல் தவணையும் வந்து நிற்கும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையில் பி.இ. முடித்த பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வங்கியிலிருந்து கடிதம் வரும்போதுதான் தெரிகிறது.

பெண்களுக்கு அந்த ஓராண்டின் விலை இன்னும் கூடுதல். வேலையில் இருக்கும் பெண்ணிடம் வீட்டார் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கு ஜாதகம் வெளியே போகிறது. என் மாணவிகளில் டிராப் எடுத்த பலருக்கு இரண்டாம் தேர்வுக்கு முன்பே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. தேர்வுக் கட்டணத்தைப் பாதியாக்கிய விதி அந்த ஓராண்டைக் காப்பாற்றித் தருவதில்லை. எழுதுகிறாயா என்று கேட்கும் ஆசிரியர், எங்கிருந்து எழுதப்போகிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் முழு ஓராண்டை ஒதுக்குவது சரியாக அமையும் நேரங்கள் உண்டு. தேர்வு நேரத்தில் உடல்நலமின்மை, வீட்டில் மரணம் என்று மறுபடி வராத காரணத்தால் படிப்பு பாதியில் நின்றவர். துறை மாறி வேறு தாள் எழுத விரும்புகிறவர். ஆராய்ச்சிக்கே போவது என்று உறுதியாக இருந்து, குறிப்பிட்ட ஆய்வகம் ஒன்றை மனதில் வைத்திருப்பவர். கடன் இல்லாமல் வீடு தாங்கும் என்றால் இவர்களை நான் தடுக்க மாட்டேன்.

7. எப்போது முடிவெடுப்பது

முடிவு வந்த வாரத்தில், மனம் கசந்திருக்கும்போது, அடுத்த ஆண்டைத் தீர்மானிப்பதுதான் இப்போதைய வழக்கம். தேர்வின் நாட்காட்டி அப்படிக் கேட்கவில்லை. ஐ.ஐ.டி.களின் எம்.டெக். இடங்கள் பொது ஏற்பு இணையதளம் வழியாகப் பல சுற்றுகளாக நிரப்பப்படுகின்றன. என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. கவுன்சிலிங்கும் அதன் இறுதியில் ஸ்பாட் சுற்றும் உண்டு. மேலே இருப்பவர்கள் பொதுத்துறை வேலைக்கோ வேறு ஐ.ஐ.டி.க்கோ நகரும்போது கட் ஆஃப் சுற்றுக்குச் சுற்று இறங்கும். தமிழ்நாட்டில் டான்கா கவுன்சிலிங்கில் கேட் ஸ்கோரோடும், 2023-இல் தொடங்கிய சீட்டா தேர்வின் மதிப்பெண்ணோடும் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலும் இணைப்புக் கல்லூரிகளிலும் சேரலாம். இவை எல்லாம் முடிய ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். 'கிடைக்கவில்லை' என்று மார்ச்சில் சொல்லும் மாணவர் இன்னும் கேட்டே பார்க்கவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பார்க்காமல் யாருக்கும் 'எழுது' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லாதீர்கள். மூன்றாம் ஆண்டிலேயே முதல் முயற்சியை எழுதவையுங்கள். தேர்வை நடத்தும் நிறுவனங்கள், மறுபடி எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய ஸ்கோர் எவ்வளவு மாறியது, அதில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதைத் தாள்வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விளம்பரப் பலகைக்குப் பதில் சொல்ல அந்த ஓர் அட்டவணை போதும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி மையங்கள் ஏப்ரலிலேயே முன்பணம் கேட்கும். சலுகைக்குக் கடைசித் தேதி என்று ஒன்றும் சொல்லும். அந்தத் தேதியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையின் ரெஸ்பான்ஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு, பாடம் நடத்திய ஆசிரியரிடம் ஒரு மாலை உட்காருங்கள். கிடைக்கிற வேலையிலோ படிப்பிலோ அவரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த கேட் தேர்வுக்கான விண்ணப்பப் பதிவு ஆகஸ்ட் இறுதியில்தான் தொடங்குகிறது.